சஹர் நேரத்துச் சிரிப்பு

நோன்பு பிறக்க இன்னும் நான்கு நாள். நாசி கண்டார் சோற்றுக்கடையின் சமையற்கட்டுச் சுவரில், முதலாளி முகம்மது சுல்தான் வேலை அட்டவணையை ஒட்டியிருந்தார். அங்கே பரிமாறும் ஜாஹிரின் பெயர், நோன்பு பிடிக்குமுன் சாப்பிட வருவோருக்கான சஹர் ஷிப்டில் இருந்தது. இரவு பதினொன்றிலிருந்து விடிகாலை வரை.

போன வருஷமும் அதே ஷிப்ட்தான். தூக்கம் துண்டு துண்டாயிற்று. நோன்பு வைத்திருக்கிறோமே என்று, மனநிலை சீராக இருக்க எடுத்துவந்த காலை மாத்திரையை விட்டான். நோன்பே மருந்து என்று இரவு மாத்திரையையும் விட்டான். பத்தாம் நாள் வாக்கில் ஒரேயடியாக உற்சாகம். கேட்காதவர் தட்டிலும் கறிக்குழம்பை ஊற்றினான், முன்பின் தெரியாதவர்களை மச்சான் என்றான், சிரித்துச் சிரித்துத் தொண்டை கட்டியது. நோன்புப் பெருநாள் மனநல வார்டில் கழிந்தது. நடுங்காமல் கரண்டி பிடிக்க ஏழு மாதம் ஆனது.

இந்த முறை முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுவிட்டான். மாத்திரையை நோன்பு திறந்த பிறகு ஒரே வேளையாக மாற்றிக் கொடுத்தார். இரவுத் தூக்கம் மட்டும் கெடக்கூடாது. கெட்டால் நோன்பை விட்டுவிட்டு உடனே வரவேண்டும் என்றார்.

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு கடையில் கூட்டமில்லை. கல்லாவில் முதலாளி இருந்தார்.

"அண்ணே, சஹர் ஷிப்ட் எனக்கு வேணாம்ணே."

"என்னடா இது! போன வருஷம் நீ நின்னப்ப கடை எப்படி இருந்துச்சு? அந்தச் சிரிக்கிற ஆளு எங்கன்னு இன்னமும் கேக்குறானுங்கடா!"

முதுகுவலி என்று சொல்லச் சொல்லி அனுப்பியிருந்தாள் மனைவி ஃபரா. ஆனால் அந்தப் பொய்யை முப்பது நாளும் காப்பாற்ற வேண்டும். அதற்குத் தெம்பில்லை.

"அந்தச் சிரிப்புதாண்ணே நோவு. அப்பவே ஆரம்பிச்சிருச்சு. நல்லா இருக்கேன்னு நானே நெனச்சேன்."

முதலாளி பேனா மூடியைத் திறந்தார், மூடினார். "நாங்களும்தான் நெனச்சோம்."

பிறகு, "வெங்காயம் உரிக்கிற இக்மலைத்தான் ராத்திரிக்குப் போடணும். அப்ப பகல்ல வெங்காயம் உரிக்க ஆளில்ல. உரிக்கிறியா? பதினஞ்சு வருஷம் கரண்டி பிடிச்ச கையி."

"உரிக்கிறேண்ணே."

"சரி, பெருநாளைக்கு அப்புறம் பாக்கலாம்."

கரண்டி வேலையைத் திரும்பத் தருவதாக அவர் சொல்லவில்லை. ஜாஹிரும் கேட்கவில்லை. அவர் எழுந்துபோய் அட்டவணையில் அவன் பெயரை அடித்து முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டு, வீட்டுக்குப் புறப்பட்டான்.