யென்.சி.ஓ.வுக்கு முன்னால் என்ன போடுவது?

போன செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு என் மைத்துனன் முருகேசன் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தான். நேரத்தைச் சந்தேகப்பட வேண்டாம் – டைரியில் இருக்கிறது.

மறுநாள் காலை அவனுக்கு இன்டர்வியூ. சோழபுரம் ரோட்டில் ஒரு நூல் மில்லில் செக்யூரிட்டி ஆபீசர் வேலை.

இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். மில் வேலை கிடைக்காவிட்டால் ஓசூரில் ஒரு கம்பெனி காத்திருக்கிறது. மறுபடியும் தனி ரூம், மெஸ் சாப்பாடு. அவன் மகள் பத்தாவது படிக்கிறாள். அப்பா ஊரில் இருக்கும் முதல் வருஷம் இதுதான். சோழபுரமா, ஓசூரா? அந்த வீட்டுக்கு அது சின்னக் கேள்வி இல்லை.

கையில் ஒரு தாள். இன்டர்வியூவில் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய சுய அறிமுகம். முதல் வரி: ‘ஐ வாஸ் ஏ என்.சி.ஓ.’ ராணுவத்தில் ஹவில்தார்களை அப்படித்தான் சொல்வார்கள்.

என் கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவை எடுத்து ‘ஏ’யை அடித்து ‘ஆன்’ போட்டேன்.

“‘என்’ங்குற எழுத்து வவ்வலா மச்சான்? ஏ, ஈ, ஐ, ஓ, யூ... அஞ்சுதான சொல்லிக்குடுத்தாங்க?”

“எழுத்தப் பாக்காத, சத்தத்தப் பாரு. எம்.பி.ஏ.ன்னு சொன்னா ‘எ’ன்னு ஆரம்பிக்குதா? அப்ப ஆன். யூ.பி.எஸ்.ன்னா ‘ய’ கேக்குதுல்லா? அப்ப ஏ. எங்க, உன்னோடத வாய்விட்டுச் சொல்லு.”

முருகேசன் விறைப்பாக நின்றான். பரேடு குரலில் சொன்னான்: “யென்.சி.ஓ.!”

“மறுபடி சொல்லு.”

“யென்.சி.ஓ.! ‘ய’தான மச்சான் கேக்குது? அப்ப நீங்க சொன்னபடி ஏதான சரி?”

“யென் இல்லலே, என்!”

“அதத்தான சொல்லுதேன், யென்!”

உள்ளேயிருந்து என் மனைவி கோமதியின் குரல். “அவனச் சொல்லுதியளே... நேத்து போன வச்சுக்கிட்டு ‘யெஸ்.யெம்.யெஸ். வரல, யெஸ்.யெம்.யெஸ். வரல’ன்னு அம்புட்டு சத்தம் போட்டது யாராம்?”

நியாயம்தான். எங்கள் பக்கத்தில் ‘எ’ தனியாக வெளியே வராது. ‘ய’வைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வரும். எருமையே யெருமை ஆகும்போது என்.சி.ஓ. மட்டும் தப்புமா?

ஆனாலும் நான் விடவில்லை. அரை மணி நேரம் ‘ஆன் என்.சி.ஓ.’ சொல்லவைத்துத்தான் பஸ் ஏற்றினேன்.

புதன்கிழமை பன்னிரண்டேகாலுக்கு போன்.

“மச்சான், கெடுத்தியளே! ‘ஐ வாஸ் ஏ’ன்னு ஆரம்பிச்சேன். உங்க ஞாபகம் வந்துட்டு. ‘ஆன்’னேன். நாக்குல யென் வந்து நிக்கி... திரும்ப ‘ஏ’ன்னேன். மேனேஜர் கண்ணாடியக் கழத்திட்டு, ‘என்னங்க, உங்க ரேங்க்கே உங்களுக்குச் சந்தேகமா?’ன்னுட்டாரு.”

சொந்தப் பதவியைச் சொல்லத் தடுமாறும் ராணுவக்காரனை யார் நம்புவார்கள்? அவனை ஓசூருக்கு அனுப்பப்போவது என் சிவப்புப் பேனாவா?

“நீ என்னலே சொன்ன?”

“‘ரேங்க்ல சந்தேகம் இல்ல சார். எனக்கு ஒரு மச்சான் இருக்காரு, அவராலதான் இம்புட்டும்’னேன். அப்படிச் சிரிச்சாரு! ‘தமிழ்லயே சொல்லுங்க’ன்னாரு. பொறவு என்ன... கேட் டூட்டி, ரவுண்ட்ஸ், ஷிப்ட்டுன்னு செத்த நேரத்துல வெளுத்து வாங்கிட்டேன்.”

சனிக்கிழமை காலை ஆர்டரோடு வந்தான். கூடவே மகளும். அவள் முகத்தைப் பார்த்ததுமே ஓசூர் இல்லை என்று தெரிந்துவிட்டது.

ஆர்டரை வாங்கிப் பார்த்தேன். ‘யூ ஆர் அப்பாயின்டட் ஆஸ் ஏ எஸ்.ஓ.’ – செக்யூரிட்டி ஆபீசர் என்பதன் சுருக்கம். ஆனால்... ஆன் எங்கே?

கை தானாகச் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துத் திறந்தது. கோமதி முறைத்தாள். சரி என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். ‘ஏ யெஸ்.ஓ.’

பேனாவை மூடிவிட்டேன். டைப் அடித்தவர் நம்ம ஊர்க்காரர்!