தெருவே குடித்த சூப்

தொண்ணூறுகளில் ஒரு வருடம். பொங்கல் முடிந்தும் ஆரணியில் பனி விடவில்லை. என் வீட்டுக்காரர் டைபாய்டு வந்து படுத்தார். காய்ச்சல் ஒருவழியாகப் போய்விட்டது. போகிற போக்கில் பசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. தட்டை நீட்டினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நாள் முழுக்கத் தறிக்குழியில் உட்கார்ந்து பட்டு நெய்கிற மனிதர், எலும்பும் தோலுமாய்ச் சுருண்டு கிடந்தார். எனக்குப் பயமாக இருந்தது. என் பயமெல்லாம் கோபமாகத்தான் வெளியே வரும். பாத்திரங்கள்தான் பாவம்.

டாக்டர், "காய்கறி சூப் வெச்சு குடுங்க, சக்கை இல்லாம வடிகட்டி" என்றார். எங்கள் தெருவில் அதுவரை யாரும் வீட்டில் சூப் வைத்ததில்லை. ரசம் தெரியும், கஞ்சி தெரியும். இது இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று நானாக முடிவு கட்டினேன். முள்ளங்கி, கோஸ், சௌசௌ, கொஞ்சம் பூண்டு, தட்டிய மிளகு. முதல் தடவை ஒரு வாய் குடித்துவிட்டு, "வெறும் சுடுதண்ணி மாதிரிக்கீது, வேணாம்" என்றார். சுடுதண்ணியாம்!

மாசி பிறந்து வெயில் லேசாக உறைக்கத் தொடங்கியதும் தெருக்காரர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். எங்கள் வீட்டில் சும்மா கிடந்த பாவை, அதாவது சேலையின் நீளவாக்கு இழைகளை, தெருவில் இழுத்துக்கட்டிக் கஞ்சி போட்டுத் தருகிறோம், அவர் எழுந்ததும் தறியில் ஏற்றிக்கொள்ளட்டும் என்றார்கள். யார் வீட்டுப் பாவானாலும் விடியற்காலையில் எல்லாரும் வந்து கைகொடுப்பது எங்கள் தெரு வழக்கம். கஞ்சி காய்ச்சுவது மட்டும் பாவுக்காரர் வீட்டு வேலை.

அன்று ஓர் அடுப்பில் பாவுக்கு அரிசிக் கஞ்சி, இன்னோர் அடுப்பில் சூப். அந்தச் சுடுதண்ணிப் பேச்சு மனதில் குத்திக்கொண்டே இருந்ததால், பாவுக் கஞ்சியில் ஒரு கரண்டி அள்ளிச் சூப்பில் விட்டேன். அழகாகக் கெட்டிப்பட்டது. இரண்டையும் துணியில் வடிகட்டினேன். சூப் ஆறட்டும் என்று அந்தக் குண்டானை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போனேன். கேரட் போட்டிருந்தாலாவது நிறம் காட்டிக்கொடுத்திருக்கும்.

எதிர்வீட்டு அண்ணன் அதைக் கஞ்சி என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார். நல்ல வேளை, கஞ்சி புளித்திருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்காமல் பட்டில் தெளிக்க மாட்டார். வைத்தார். முழித்தார். மறுபடியும் வைத்தார்.

"இன்னாம்மா, பாவுக்கு மொளகு போட்டுக்கிற?"

அடித்துப் பிடித்து ஓடினேன். "ஐயோ அண்ணா, அது சூப்பு! அவருக்கு வெச்சது!"

"சோக்காக்கீதும்மா!" என்று அவர் ஒரு டம்ளரில் மொண்டு பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினார்.

விடியற்காலைப் பனியில் கை விறைத்து நின்ற கூட்டம். சூப்போ வெதுவெதுவென்று இருந்தது. ஆளுக்கு ஒரு வாய், ஆளுக்கு ஒரு வாய் என்று டம்ளர் கைமாறியது. நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. உள்ளே போய் அசல் கஞ்சியை எடுத்து வருவதற்குள் குண்டான் காலி. அடப்பாவிகளா!

தெருவில் ஒரே சிரிப்பு. சத்தம் கேட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு மெல்ல மெல்ல வாசலுக்கு வந்தார் என் வீட்டுக்காரர். படுத்ததிலிருந்து அவர் வாசல் பார்த்தது அன்றுதான்.

"இன்னா எல்லாரும் குடிச்சிகினு கீறீங்க?"

"உன் வீட்டு சூப்புதாம்பா" என்றார் எதிர்வீட்டு அண்ணன்.

என் வீட்டுக்காரர் குண்டானை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கு?"

எனக்கு வந்ததே கோபம்! "நான் கெஞ்சினப்போ எல்லாம் சுவத்த பாத்து படுத்துகினு இருந்தீங்க. ஊரே குடிச்சப்புறம் இப்போ எனக்காம், எனக்கு!" வாய்தான் கத்தியது, கால் எப்போதோ அடுப்படிக்கு ஓடிவிட்டது. மிச்சமிருந்த முள்ளங்கியை நறுக்க உட்கார்ந்தேன். சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தேன்.

அவர் பின்னாலேயே வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஜல்தி வையி. பசிக்குது."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் ஊரில் உள்ள சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தேன். அடுப்பை இன்னும் கொஞ்சம் தூண்டிவிட்டேன்.

அதற்குள் வெளியிலிருந்து எதிர்வீட்டு அண்ணன், "எம்மா, இன்னொரு குண்டான் வெக்கிறியா?" என்று கூவினார்.

என் வீட்டுக்காரர் எழுந்து போய், தெருக்கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்தார்.