ஒட்டகம் போன வழி

என் அக்கா புருஷன் சாகிந்திக், மங்கிஸ்தாவ் பாலைவனத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறார். கூடவே போய்ச் சமைப்பது என் பாடு. ரோடே இல்லாத இடமாகப் பார்த்துத்தான் வண்டியை விடுவார். ஒருமுறை போன வழியில் மறுமுறை போகமாட்டார். வந்தவர்கள் சொக்கிப்போவார்கள். அவர் தேடுவது மேயப்போய்த் திரும்பாத தன் ஒட்டகங்களை என்பது எனக்கல்லவா தெரியும்.

இந்த முறை கிளம்பும்போது பார்த்தால், அத்தனை ஒட்டகமும் பட்டியிலேயே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. சாகிந்திக் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

“என்ன மச்சான், வழி மறந்துபோச்சா?”

“வாயை மூடுடா.”

இறங்கிப் போனார். பட்டியைத் திறந்து, இருப்பதிலேயே ஊர்சுற்றியான ஒட்டகத்தை வெளியே விரட்டிவிட்டு, நிம்மதியாகத் திரும்பி வந்தார்.

“டீயைப் போடு. அது கொஞ்ச தூரம் போகட்டும்.”