தயிர்சாதம் தின்ற பூனைகள்

பூனையைக் கொன்றால் தங்கத்தில் ஒரு பூனை செய்து தானம் கொடுத்தால்தான் பாவம் தீரும் என்பார்கள். காஞ்சிபுரத்து நெசவுத் தெருக்களில் தங்கத்தை ஜரிகையில்தான் பார்க்கலாம், அதுவும் முதலாளியுடையது. அதனால் அங்கே யாரும் பூனையைக் கொல்லத் துணிந்ததில்லை.

பூனை இல்லாமலும் அவர்களுக்கு முடியாது. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டால் அந்த வாசனைக்கு எலி வரும். எலி வாய் வைத்தால் பட்டு இழை அறுந்து ஒரு குடும்பத்தின் உழைப்பே போய்விடும். ஆகவே தறி இருந்த வீடுகளில் பூனையும் இருந்தது. பூனை குட்டி போடும். வேண்டாத குட்டிகளைக் கூடையில் போட்டு மூடி, வேகவதி ஆற்றைத் தாண்டி, திருப்பருத்திக்குன்றத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அங்கே சமணர்கள் இருந்தார்கள். எறும்பைக்கூட மிதிக்காதவர்கள் பூனையையா அடிக்கப்போகிறார்கள்?

அந்த ஊரில் ஒரு சமண வீட்டில் நான் வேலைக்கு இருந்தேன். எழுபதுகளின் தொடக்கம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அரக்கோணத்தில் ஓட்டலில் மாவாட்டினேன், வாலாஜா பக்கம் செங்கல் சூளையில் மண் மிதித்தேன். அறுத்து வைத்த கல்லெல்லாம் மழையில் கரைந்து கூலி இல்லை என்றானபோது நடந்தே இங்கு வந்து சேர்ந்தேன். மாடு பார்ப்பது, வேர்க்கடலைக் கொல்லைக்குத் தண்ணீர் இறைப்பது என் வேலை. படுக்கை மாட்டுக்கொட்டகையில். அந்த வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பசித்தால் தண்ணீர்தான். முன்பு இருந்த இடங்களில் பகலிலும் தண்ணீர்தான் என்பதால் எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

வீட்டுக்கார அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடத்தில் ஊற்றுவார். துணியில் தங்கிய பூச்சியைத் திரும்பக் கிணற்றிலேயே சேர்ப்பார். தினமும் காலையில் கிணற்றடிக் கல்லின்மேல் நொய்யும் கம்பும் இறைப்பார். சிட்டுக்குருவி, மைனா, கூட்டமாகவே திரியும் தவிட்டுக்குருவி, அணில் எல்லாம் வரும். அவை தின்று முடிக்கிறவரை அவர் வாயில் பச்சைத் தண்ணீர் படாது. அது அவர் எடுத்துக்கொண்ட விரதம்.

அதே கையால் பூனைகளுக்கும் தயிர்சாதம் பிசைந்து வைத்தார். பூனை குருவியைப் பிடிக்காதா என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வயிறு நெறைஞ்ச உயிரு இன்னொரு உயிர ஏம்பா தொடப்போவுது? பசிதான் கொல்ல வைக்குது" என்றார்.

"விட்டா சிங்கத்துக்கே தயிர்சாதம் ஊட்டுவா. அதுக்குத் தொட்டுக்க ஊறுகா வேணாமான்னு வேற கேப்பா" என்றார் அவர் வீட்டுக்காரர்.

எனக்கு அம்மா சொன்னது சரியென்றே பட்டது. பசி என்னையும் சில காரியங்கள் செய்ய வைத்திருக்கிறது. வயிறு நிறைந்த நாளில் அடுத்தவன் பொருளைத் திரும்பிப் பார்த்ததுகூட இல்லை. பூனை மட்டும் வேறாகவா இருக்கும்?

கல்லுக்கு வரும் கூட்டம் அந்த வருஷம் மெலிந்துகொண்டே வந்தது. அணில் சத்தம் கேட்பதே அபூர்வமாயிற்று. கொல்லை வரப்பில் முட்டையிட்டு, ஆளைக் கண்டால் கத்திக்கொண்டே தலைக்கு மேல் சுற்றும் ஆட்காட்டிக் குருவிகளும் இல்லை. பக்கத்து நிலங்களில் புதிதாகப் பூச்சிமருந்து அடிக்கிறார்கள், அதுதான் காரணம் என்றார் ஐயா. அம்மா இன்னும் ஒரு கை நொய் சேர்த்து இறைத்தார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் வைக்கோல் போரைப் பிரித்து மேடான இடத்தில் போடச் சொன்னார்கள். காலையில் மேலிருந்து இறக்கிக்கொண்டே வந்தேன். சுவரோரம் போரின் அடியில் குகை மாதிரி ஒரு குடைவு இருந்தது. கையை விட்டேன். மெத்தென்று ஏதோ பட்டது. அள்ளி வெளியே போட்டேன். எல்லாம் இறகு.

மறுபடி அள்ளினேன். அணில் வால்கள். மைனாவின் மஞ்சள் கால். தலை மட்டும் இல்லாத ஓணான். ஆட்காட்டியின் நீண்ட கால்கள், அதனோடு பறக்கப் பழகாத குஞ்சுகள். சூளையில் மண் சரிந்து ஆள் செத்ததை அருகில் நின்று பார்த்தவன் நான். அப்போதுகூட நிற்காமல் மண்ணை அள்ளினேன், இப்போது கையை வெளியே இழுத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் தின்னப்படவே இல்லை. கழுத்தில் பல் பதிந்த அணில் ஒன்று அப்படியே முழுசாகக் கிடந்தது. பசிக்காகக் கொன்றிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

"இன்னாப்பா நாத்தம்?" என்று கேட்டுக்கொண்டே அம்மா வந்தார். குவியலைப் பார்த்தார். பாம்பைக் கண்டவர்போல ஓரடி பின்னால் போனார்.

அந்த நேரம் பார்த்துக் கிணற்றடிப் பக்கத்திலிருந்து சாம்பல் பூனை வந்தது. சற்றுமுன்தான் அவர் கையால் தின்றிருந்தது. மீசையில் தயிர் காயவில்லை. வாயில் ஒரு தவிட்டுக்குருவி. நேராக வந்து அம்மாவின் காலடியில் அதை வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தது. குருவிக்கு உயிர் இருந்தது. அம்மா அதை எடுத்து, விரலை நனைத்து அலகில் தண்ணீர் விட்டார். அதன் தொண்டையில் காலையில் தின்ற நொய் புடைத்துத் தெரிந்தது. அவர் உள்ளங்கையிலேயே அது அடங்கிப்போனது.

"நான்தாம்பா கூப்ட்டேன். தீனி போட்டு நான்தான் கூப்ட்டுக் குடுத்துக்கினு இருந்தேன்" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் ஐயா, "பூனைக்குச் சோறு வெக்கறத நிறுத்து" என்றார்.

"நிறுத்தினா இன்னும் கொல்லும். இல்லன்னா பட்டினில சாவும். ரெண்டும் என் தலையிலதான்."

கடைசியில், புதிதாக வந்த குட்டிகளையாவது திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கூடையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். நெசவுத் தெருவுக்குக் கொண்டுபோனேன். எப்போதும் குட்டிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வரும் தறிக்காரம்மா வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னாபா இது, சீர் வரிசையா? குடுத்தத திருப்பிக் கொண்டாந்துக்கிற?"

"அங்க குருவி, அணிலு ஒண்ணு விடலம்மா. எல்லாத்தையும் கொன்னுட்டுதுங்க."

அவர் ராட்டையை நிறுத்தாமல் சிரித்தார். "பூனைன்னா கொல்லாம பூசையா பண்ணும்? கொல்றதுக்குத்தான நாங்களே வச்சிக்கினு கீறோம். அந்த ஊரு ஜனங்க கொல்லமாட்டாங்கன்னுதான் அங்க வுட்டோம். பூனை கொல்லாதுன்னு எவன் சொன்னான்?"

கூடையை அவர் வாங்கவில்லை. தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த நாளிலிருந்து கல்லில் தீனி போடவில்லை. ஆனாலும் குருவிகள் வந்தன. சுவர்மேல் பூனைகளும் வந்து படுத்தன. அம்மா முந்தானையை வீசி, "போங்க, போயிடுங்க" என்று கத்தினார். அவர் குரலைக் கேட்டுத்தான் அவை இத்தனை வருஷமும் வந்தன, அதனால் அசையவில்லை. அவர் குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தார். பட்டுவிடுமோ என்று பயந்து பயந்து எறிந்ததில் அது பாதி தூரம்கூடப் போகவில்லை. விழுந்து உடைந்து சிதறியது.

குருவிகள் தீனி என்று நினைத்து அதை நோக்கி ஓடி வந்தன.