நாத்தனார் தொட்டுப் பார்த்த படகு

சுனாமிக்கு முந்தின வருஷம், ராயபுரத்தில் எங்கள் தெருக்கோடி மண்டபத்தில் பெண்களுக்கு ஆயில் பெயிண்டிங் வகுப்பு நடந்தது. ஐம்பத்தெட்டு வயதில் நானும் போய் உட்கார்ந்தேன். அதற்கு என் நாத்தனார் திருவொற்றியூரிலிருந்து வந்து, தெருவே கேட்கிற மாதிரி சொன்னாள்: "பேங்க்ல கைநாட்டு வெக்கிறவ படம் போடப் போறாளாம்!"

"அடுத்த மாசம் வாங்கண்ணி. நான் போட்ட படம் கூடத்துல தொங்கும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு விட முடியுமா?

மாஸ்டர் சொன்னது ஒன்றும் கஷ்டமில்லை. "முதல் பூச்சு டர்பன்டைன் ஊத்தி, மோர் மாதிரி மெலிசா. அது காஞ்சப்புறம்தான் கெட்டிப் பூச்சு. எண்ணெய் மேல போகப் போகச் சேரணும். அடியில எண்ணெய் ஏறிச்சுன்னா காயவே காயாதும்மா."

நான் கேட்பேனா? என் வீட்டுக்காரர் காசிமேட்டில் படகு கட்டுகிறவர். மரத்துக்கு முதலில் எண்ணெயை ஊற ஊறத் தேய்த்துவிட்டுத்தான் அங்கே பெயிண்டு டப்பாவையே திறப்பார்கள். மாஸ்டர் என்ன, படகு கட்டிக் கடலில் இறக்கினவரா? அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் கேன்வாஸ் துணிக்கு ஆளி விதை எண்ணெயை வழிய வழியத் தேய்த்தேன். அதன்மேல் ஒரு நீலப் படகு. என்ன பளபளப்பு! காயத்தான் இல்லை. இருபது நாள் ஃபேனுக்கு அடியில் வைத்தும் ஈரம். அப்படியே மாட்டிவிட்டேன்.

நாத்தனார் வந்தாள். படத்தைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போச்சு.

"இத பாரிஸ் கார்னர்லதான வாங்கினே?"

"நான் போட்டது அண்ணி."

"யாராண்ட கதை வுடுற? எனக்குக் காது குத்தி ரொம்ப நாளாச்சுடி."

நான் டீ போடப் போனேன். திரும்பி வந்தால் அண்ணி நல்ல பிள்ளையாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மூக்கு மட்டும் நீலம்! படகின் வயிற்றில் ஒரு விரல் ரேகை. தொட்டுப் பார்த்த கையோடு மூக்குத்தியைத் திருகியிருக்கிறாள்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னொரு டம்ளர் டீ கொடுத்து, பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே மரியாதையாக நடந்தேன். முனையில் மீன் விற்கிறவள்தான் கெடுத்தாள்.

"இன்னாக்கா, மூக்குல பெயிண்டு கீது?"

அண்ணி மூக்கைத் தடவினாள். விரலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஈரமா கீதுடி உன் படம்!"

"கடையில ஈரப் படமா அண்ணி விப்பாங்க?"

மீன்காரி சிரித்த சிரிப்பில் கூடை கவிழ இருந்தது.

அந்த ரேகையை அழித்துப் பூசிவிடச் சொன்னார் மாஸ்டர். மாட்டேன் என்றேன். படகு காய மேலும் மூன்று மாசம் ஆச்சு, ரேகையோடுதான் காய்ந்தது. இன்றைக்கும் கூடத்தில் தொங்குகிறது, அண்ணி வைத்த கைநாட்டோடு.