இறங்கி ஊதும் சங்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கித்தார் தொட்ட தமிழ்ப் பையன்களில் பாதிப் பேருக்கு ஒரு வியாதி உண்டு. அவர்களுடைய கித்தார் எந்தப் பியானோவோடும் சேராது. பீடோரில் ஒரு குழு, பாகான் டத்தோவில் தென்னந்தோப்புக்குள் ஒரு குழு, இன்னும் பெயர் வைக்காத இரண்டு மூன்று குழுக்கள். எல்லாரும் காதை வைத்துக் கம்பி முறுக்கியவர்கள். காதை எதில் வைத்தார்கள் என்று கேட்டால் எங்கள் கேசட்டில். வியாதியைப் பரப்பியவர்கள் நாங்கள்தான்.

நாங்கள் என்றால் மூன்றரைப் பேர். பாடிக்கொண்டே கித்தாரை அலற விடுகிறவர் என் வீட்டுக்காரர். பேஸ் கித்தார் என் தம்பி. டிரம்ஸ் வாசிக்கிற அண்ணன் எங்கள் ரப்பர் தோட்டத்துக்காரர், மாதா கோயில் பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். இப்போது ஈப்போவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பிள்ளைகள் போடுகிற கூச்சலைக் கேட்ட காதுக்கு டிரம்ஸ் தாலாட்டு என்பார். மிச்சமுள்ள அரை ஆள் நான். மேடை ஏறமாட்டேன். பாட்டின் வார்த்தைகள் மட்டும் என்னுடையவை. காதல் பாட்டு வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்பார். தண்ணீர் வராத குழாயைப் பற்றி எழுதிக் கொடுப்பேன். முறைத்துக்கொண்டே வாங்குவார். அவர் அதைப் பாடும்போது காற்று மட்டும் வந்து இருமுகிற அந்தக் குழாயைக் கேட்டுப் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். எப்படி என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு வருடம் ஓடியிருக்க மாட்டோம்.

நாங்கள் வாசிப்பது மாற்று ராக் இசை. சொந்தக்காரர்கள் கேட்பார்கள், "மாற்று ராக்குன்னா என்னா லா அது?" கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டால் பாதிச் சாப்பாட்டில் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போகிற வகை என்று சொல்லிவிடுவேன். புரிந்துகொள்வார்கள்.

சுருதிக் கதைக்கு வருகிறேன். அது எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலைச் சங்கினுடையது. காலையில் ஆள் கூப்பிடவும் மாலையில் வேலை விடவும் அந்தச் சங்கு ஊதும். குழு தொடங்கிய புதிதில் மூன்று பேரும் ஆலைக்குப் பின்னாலிருந்த காலிக் கொட்டகையில் பழகுவார்கள். பாட்டு சூடு பிடிக்கிற நேரம் பார்த்து மாலைச் சங்கு கிளம்பும். இவர்கள் சுருதி ஒரு பக்கம், சங்கு ஒரு பக்கம். சேர்த்துக் கேட்டால் பல் கூசும். சங்கை நிறுத்த முடியாது. கொட்டகையை விட்டால் வேறு இடமும் கிடையாது. கடைசியில் என் தம்பி, "சங்க மாத்த முடியாது லா, நாம மாறிக்குவோம்" என்று பேஸ் கம்பியைச் சங்கோடு சேர முறுக்கினான். என் வீட்டுக்காரர் அவனோடு சேர்ந்துகொண்டார். நாலரைக் கட்டைக்கும் ஐந்து கட்டைக்கும் நடுவில், எந்த ஆர்மோனியத்திலும் இல்லாத ஓர் இடம். மறுநாள் சங்கு ஊதியபோது பாட்டுக்குள் நாலாவதாக ஓர் ஆள் வந்து நின்ற மாதிரி இருந்தது.

அந்த ஆளுக்காகவே ஒரு பாட்டு கட்டினார்கள். அதன் உச்சியில் வார்த்தை கிடையாது. அங்கே எதை எழுதிக் கொடுத்தாலும் உருகிவிடுகிறது என்று நானே விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் அந்த இடத்துக்கு ஏறிப் போய், சங்கோடு சங்காக ஒரு கூவல் கூவுவார். கித்தார் பின்னால் நின்று தீப்பிடித்த தகரம்போலப் படபடக்கும். எங்கே போனாலும் ஜனங்கள் கேட்பது அந்தக் கூவலைத்தான்.

பிறகு ஆலையை மூடினார்கள். ரப்பர் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடுகள் வந்தன. ஆலை மூடிய அன்றைய விருந்தில், வயிற்றில் கோழிக் குழம்பும் கையில் மைக்கும் இருந்த துணிச்சலில், என் வீட்டுக்காரர் தோட்டமே கேட்க ஒரு சத்தியம் செய்தார்.

"சங்க அவங்க மூடிட்டாங்க. இனி என் தொண்டையில ஊதும். சங்கு சுருதிக்கு என் கொரல் எட்டாத அன்னிக்கு மைக்க கீழ வச்சிட்டுப் போயிருவேன்!"

ஒரே விசில். நான் மட்டும் விசிலடிக்கவில்லை. சத்தியம் செய்தால் காப்பாற்றுகிற கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு. என் மீன் குழம்பைக் குறை சொல்லிச் சண்டை பிடித்து, இனி மீனே தொடமாட்டேன் என்றவர் இன்று வரை தொடவில்லை. எதிர்வீட்டில் மீன் பொரித்தால் அவர் மூக்கு மட்டும் தனியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரும்.

அன்றிலிருந்து குழுவில் ஒரு வழக்கம். சுருதி காட்டுகிற கருவி எதுவும் உள்ளே வரக்கூடாது. தம்பி கண்ணை மூடுவான், எங்கோ போய் வருகிறவன்போலக் கொஞ்சம் நிற்பான், "ம்ம்" என்று முனகி முதல் கம்பியை முறுக்குவான். அவன் முறுக்கியதுதான் சங்கு. அவனைப் பார்த்து என் வீட்டுக்காரர் முறுக்கிக்கொள்வார். இந்த வயதிலும் அதே சுருதி, ஒரு மயிரிழை இறங்கவில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் மார்தட்டுவார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே தட்டினார்.

பீடோரில் ஒருமுறை எங்களுக்கு மரியாதை செய்கிறோம் என்று இரண்டு குழுப் பையன்கள் ஒரே மேடையில் ஏறினார்கள். பீடோர்க்காரர்கள் எங்கள் முதல் கேசட்டில் பழகியவர்கள், பாகான் டத்தோக்காரர்கள் மூன்றாவதில். இரண்டு பேரும் எங்கள் பாட்டையே வாசித்தார்கள். கேட்க, தகரக் கொட்டகைக்குள் இரண்டு ஆட்டுக்கடா சண்டை. "பையன்களுக்குக் காது பத்தல" என்று சிரித்துவிட்டு வந்தோம். அன்றைக்கே விழித்திருக்க வேண்டும்.

இந்த வருடம் தோட்டத்து ஆட்கள் கூடுகிற விழா ஈப்போ மண்டபம் ஒன்றில். அதற்கு டிரம்ஸ் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். தைப்பிங்கில் அவருக்குத் தெரிந்த ஒரு பெண், தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கிறவள், எங்கள் பாட்டென்றால் உயிர், சேர்த்துக்கொள்ளலாமே என்றார். சேர்த்துக்கொண்டோம். மலையடிவாரத்தில் என் தம்பியின் டயர் கடை; பின்பக்கம் டயர் அடுக்குகளுக்கு நடுவில்தான் இப்போது ஒத்திகை. மத்தியான மழை கூரையில் கொட்ட, அந்தப் பெண் வந்து, ஈரக் குடையை ஒரு லாரி டயருக்குள் சொருகிவிட்டு வாசிக்க உட்கார்ந்தாள்.

முதல் வரியிலேயே ஒரு சாக்குக்குள் இரண்டு பூனை.

"சிஸ்டர், கீபோர்டுக்குள்ள எறும்பு கிறும்பு போயிருச்சா?" என்றார் டிரம்ஸ் அண்ணன்.

"என் கீபோர்டு சரியாத்தான் இருக்குண்ணே. நீங்கதான் எறங்கி வாசிக்கிறீங்க."

என் வீட்டுக்காரர் பெரிய மனதோடு சிரித்தார். "தங்கச்சி, இது சங்கு சுருதி. சாதாரண கட்டையில அகப்படாது."

"தெரியும்ண்ணே. அதுக்குத்தான் உங்க மொத கேசட்ட வச்சிக்கிட்டு ஒரு வாரமா உக்காந்து கீபோர்ட அதோட சேத்தேன். அந்தச் சங்குதான் இது. கேளுங்க."

கேசட்டைப் பதிந்து வைத்திருந்த கைப்பேசியில் போட்டுக் காட்டினாள். இளவயது வீட்டுக்காரர் டயர்களுக்கு நடுவே கூவினார். அவள் ஒரு கட்டையை அழுத்தினாள். அச்சாகச் சேர்ந்தது.

"கேசட்டு வேகமா ஓடியிருக்கும் லா" என்றார் டிரம்ஸ் அண்ணன். "பழசு, பெல்ட்டு போயிருக்கும்."

"அப்ப ரெண்டாவது?" போட்டாள். கொஞ்சம் கீழே. "மூணாவது?" இன்னும் கொஞ்சம். அடுத்தது, அதற்கும் அடுத்தது. யாரோ ரப்பர் செருப்போடு மாடிப்படியில் சத்தமில்லாமல் இறங்கி வருகிற மாதிரி. கடைசிப் படியில் நாங்கள் அன்றைக்கு முறுக்கியிருந்த சுருதி நின்றது.

நாங்கள் எல்லாரும் தம்பியைத் திரும்பிப் பார்த்தோம். அவன் ஒரு டயரின் பல்லை மிகுந்த அக்கறையோடு தடவிக்கொண்டிருந்தான்.

"மச்சான்" என்றார் என் வீட்டுக்காரர், மெதுவாக. "எத்தன நாளா?"

"மொத கேசட்டுக்கு அப்புறம் தைப்பிங் மழையில பாடினீங்கல்ல. மறுநாளு உங்களுக்குப் பேச்சே வரல, அக்கா கசாயம் வச்சிக் குடுத்துச்சு. அடுத்த வாரம் ஒரு இழை எறக்கிப் பாத்தேன். சிரிச்சிக்கிட்டே பாடினீங்க. சரி இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் தீபாவளிக்குத் தீபாவளி..."

"போனஸு மாதிரியாடா?" என்றார் டிரம்ஸ் அண்ணன்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நான் எழுதிவிட்ட குழாய்ப் பாட்டும் மழைப் பாட்டும் பேருந்து நிலையப் பாட்டும் என் கண்முன்னாலேயே படி இறங்கிப் போயிருக்கின்றன. பெற்றவள் நான், கவனிக்கவில்லை.

"சத்தியம்னா சத்தியம்" என்றார் வீட்டுக்காரர். மைக்கை அங்கிருந்த டயருக்குள் வைத்தார். கூட்டில் குஞ்சு உட்கார்ந்திருக்கிற மாதிரி அது உள்ளிருந்து எங்களைப் பார்த்தது. மழையோடு மழையாகச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத்துக் கோப்பிக் கடைக்குப் போய்விட்டார்.

எனக்கு ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது. டயர்களைச் சுற்றி நடந்தேன், வாசலுக்குப் போனேன், சுண்ணாம்பு மலையின் இடுப்பில் மேகம் கட்டியிருப்பதைப் பார்த்தேன், திரும்பி வந்தேன். மீனை விட்டார், மீன் போனது. பாட்டை விட்டால் இந்த மனிதரை வீட்டில் வைத்து நான் என்ன செய்வேன்? "வாங்க" என்று எல்லாரையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. "பொய்ச் சங்கு ஊதிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார், நாங்கள் உட்காரும் முன்பே.

தம்பி எதிரில் உட்கார்ந்தான். "மச்சான், நம்ம சங்கு எப்பிடி ஊதும்? ஊதிக் காட்டுங்க."

"வெளையாடாத."

"ஒரே ஒரு தடவ. மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டாயா என்று கேட்டால் அவருக்குப் பொறுக்காது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல்; அது ஏறி, இன்னும் ஏறி, உச்சியில் நீளமாக நின்று, பிறகு சறுக்கிச் சறுக்கித் தரைக்கு வந்து அடங்கியது. கடை முதலாளியான சீனத் தவுக்கே அடுப்படியிலிருந்து தலையை நீட்டினார். பக்கத்து மேசைக்காரர் தன் மீகூன் சேமியாத் தட்டைப் பத்திரமாக நகர்த்திக்கொண்டார்.

"கடைசியில எதுக்கு எறக்கினீங்க?" என்றான் தம்பி.

"சங்கு அப்பிடித்தான்டா ஊதும். ஏறும், நிக்கும், எறங்கும்."

"அப்ப எறங்குறப்ப அது சங்கு இல்லயா?"

வீட்டுக்காரர் கோப்பிக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அதுவும் சங்குதான் லா" என்றார் டிரம்ஸ் அண்ணன். "அந்த எறக்கத்துக்குத்தானே எல்லாரும் காத்துக்கிட்டு இருப்போம். அது அடங்குனாத்தான் ரப்பர் பால் வாளிய கழுவப் போவலாம்."

"நாம இப்ப எறங்குற எடத்துல இருக்கோம் மச்சான்" என்றான் தம்பி. "இன்னும் தரைக்கு வரல."

வீட்டுக்காரர் கோப்பியைக் குடித்தார். ஆறிப்போனதை ஊதி ஊதிக் குடித்தார். யோசிக்கிறார் என்று தெரிந்தது. கடைசியில் சொன்னார், "நான் சத்தியம் பண்ணது உங்ககிட்ட இல்ல. தோட்டத்து ஆளுங்ககிட்ட. அவங்ககிட்ட சொல்றேன். போன்னு சொன்னா போயிருவேன்."

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. சுவரோரம் மீகூன், ரெண்டாங் கறி, பாயசம் எல்லாம் மூடி போட்டுத் தயாராக இருந்தன. வீட்டுக்காரர் மேடையேறிக் கித்தாரைத் தொடாமல் மைக்கைப் பிடித்தார். ஆலைச் சங்கு, விருந்து, சத்தியம், தம்பியின் இழை, தைப்பிங் மழை என்று ஒன்று விடாமல் சொன்னார். நீளமாகச் சொன்னார். பாட்டுக்கு இரண்டு வரி போதும் என்று என்னிடம் கறார் பேசுகிற மனிதர்.

"ஆக, இப்ப நான் பாடுறது பழைய சுருதி இல்ல. நீங்க வேணாம்னா எறங்கிப் போயிடுறேன்."

தம்பி தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது வரிசையில் ஓர் அக்கா எழுந்தார். என் அம்மாவோடு ரப்பர் மரம் சீவியவரின் மகள். குரலுக்கு மைக் தேவைப்படாதவர்.

"ஏய்யா, இது எங்களுக்கு எப்பவோ தெரியும்யா! மொதல்லல்லாம் நீ அங்க உச்சிக்குப் போயி கத்துவ, நாங்க வாயப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்போம். இப்ப கொஞ்ச வருசமாத்தான் எங்களுக்கும் கூடப் பாட எட்டுது. அதப் போயி வேணாம்பாங்களா? பாடுறியா, இல்ல மீகூன் ஆறிப்போவட்டுமா?"

மண்டபம் அதிர்ந்தது. வீட்டுக்காரர் முகத்தில் முதலில் ஓர் அவமானம் வந்தது, பிறகு அது இடம் தெரியாமல் வழுக்கி விழுந்தது. தம்பி பக்கம் திரும்பினார்.

"டேய் மச்சான், இன்னும் ஒரு இழை எறக்கு."

"இருங்கண்ணே!" என்று கத்தினாள் கீபோர்டுக்காரி. "எனக்கும் சொல்லிட்டு எறக்குங்க!"

அன்றைக்குப் பாடினார்கள். ஜனங்கள் கூடப் பாடினார்கள், தப்பும் தவறுமாக, என் வார்த்தைகளை மென்று துப்பி. அந்த உச்சி வந்தது. கூவினார். இத்தனை காலமும் அங்கேயே வெட்டி நிறுத்துகிறவர் அன்று நிறுத்தவில்லை. குரலை அப்படியே சறுக்க விட்டார். பேஸ் கூடவே இறங்கியது, கித்தார் முனகிக்கொண்டு பின்னால் வந்தது, கீபோர்டுக்காரி சுருதிக் குமிழைத் திருகிக்கொண்டே துரத்தினாள். வேலை விடுகிற சங்கு, தரை வரைக்கும்.

அது அடங்கியதும் நாற்காலிகள் கிறீச்சிட்டன. முன்வரிசைப் பெரியவர்கள் எல்லாரும் கடமை தவறாமல் எழுந்து, வேட்டியையும் சேலையையும் உதறிக்கொண்டு, சாப்பாட்டு மேசைப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள்.

"ஏய், பாட்டு இன்னும் முடியல லா!" என்றார் என் வீட்டுக்காரர் மைக்கில்.

யாரும் திரும்பவில்லை. நான் எழுதிய கடைசி இரண்டு வரியை அவர் அந்த முதுகுகளைப் பார்த்துப் பாடினார்.