பி.பி. நுழையாத கட்டம்

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஒரு கிராமத்தில் பண்ணையாள் நஞ்சப்பனின் மூத்த மகனாகப் பிறந்த ரூபன், 1999ஆம் ஆண்டில் கோயமுத்தூர் காந்திபுரத்தின் ஒரு மாடியறைக் கம்பெனியில் இணையப் பக்கங்கள் செய்துவந்தார். அவருக்குப் பேர் வாங்கித் தந்தது பக்கங்களின் அழகு அல்ல; படிவங்களுக்கு அவர் போட்ட காவல். பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் படிவம் அசையாது. பிறந்த தேதியில் பதின்மூன்றாம் மாதத்தைப் போட்டால் திரையில் ஒரு சின்னப் பெட்டி மணியடித்து எழுந்து, திருத்தச் சொல்லும். சோதனைச்சாவடிக்காரர் முகம் பார்த்துச் சில லாரிகளை விட்டுவிடுவார். ரூபனின் ஜாவாஸ்கிரிப்ட் யார் முகத்தையும் பார்க்காது.

அந்த வருடம் கார்த்திகையில் பெருந்துறைப் பக்கம் ஒரு பனியன் துணி ஆலைக்குக் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர் ஆறு பேர் தேவைப்பட்டார்கள். தாங்கள் நவீனமாகிவிட்டதை ஊருக்குக் காட்ட, விண்ணப்பங்களை இணையத்தில் மட்டுமே வாங்குவதென்று ஆலையார் தீர்மானித்தார்கள். படிவம் செய்தவர் ரூபன். டெலிபோன் கட்டத்துக்கு அவர் வகுத்த சட்டம் ஒரே வரி: எண்கள் மட்டும். இடைவெளி, கோடு, எழுத்து எதுவும் உள்ளே வரக்கூடாது. ரூபனின் முதலாளி கதிரேசன் அந்தக் கட்டத்தில் தன் பெயரை அடித்துப் பார்த்து, விரட்டப்பட்டு, மனம் குளிர்ந்தார்.

அந்த ஆறு வேலையில் ஒன்றை நம்பியிருந்தவர்களில் ரூபனின் தங்கை அன்புக்கரசியும் ஒருத்தி. பி.காம். முடித்தவள், டைப்ரைட்டிங்கில் ஹையர். இது கிடைக்காவிட்டால் தை பிறந்ததும் அம்மாவோடு கரும்பு வெட்டுக்குப் போவதென்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். விண்ணப்பிக்க அண்ணன் ஆபீசுக்கே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, பண்ணாடி ஊட்டு நம்பரை அடிச்சு, பக்கத்துல பி.பி. திருமூர்த்தின்னு போட்டேன். பெட்டி வந்து திட்டுது."

பண்ணாடி என்பது அவள் அப்பா வேலை பார்க்கும் தோட்டத்துக்காரர் திருமூர்த்தி. வீட்டில் போன் இல்லாதவர்கள் தெரிந்தவர் வீட்டு எண்ணைக் கொடுத்து, கூடவே பி.பி. என்று எழுதி, அந்த வீட்டார் பெயரையும் போடுவது அன்றைய வழக்கம். கூப்பிடுகிறவர் இன்னாரை அழைக்க முடியுமா என்று கேட்பார், வீட்டார் ஆளனுப்புவார்கள்.

"திட்டாது கண்ணு, திருத்தத்தான் சொல்லும். பி.பி.யை எடுத்துப்போடு."

"எடுத்தா அது நம்மூட்டுப் போன்னு ஆயிருமே?"

"நம்பர் சரிதானே? அடிச்சா மணியடிக்கும். எடுத்தவங்க உன்னையக் கூப்புடுவாங்க."

"உங்காபீஸ் நம்பரைக் குடுத்துப்போடட்டுமா?"

"சொந்தப் போன் வந்தா கதிரேசண்ணன் என்னைய ஊட்டுக்கு அனுப்பிருவாரு."

"வரட்டும். ரெண்டு பேருமாக் கரும்பு வெட்டலாம், தொணையாச்சு."

சொல்லிவிட்டுப் பி.பி.யையும் திருமூர்த்தியையும் அழித்தாள். படிவம் நன்றி தெரிவித்து ஏற்றுக்கொண்டது.

நஞ்சப்பன் தன் பங்குக்குப் பண்ணாடியிடம் போய், "எம்புள்ளைக்கு ஒரு போனு வருமுங்க" என்று சொல்லிவைத்தார். "வந்தா ஆளனுப்பறேன் நஞ்சா" என்று திருமூர்த்தியும் மனதாரச் சொன்னார். அன்புக்கரசி பத்து நாள், பால் வாங்கும் சாக்கில், அந்த வீட்டு வாசல்வரை போய்த் திரும்பினாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கும் கேட்க வாய் வரவில்லை.

பதினோராம் நாள் படிவத்தைப் பற்றிப் பேச ரூபனை ஆலைக்கு அழைத்தார்கள். ஆள் எடுக்கும் அதிகாரி நஞ்சுண்டன் காப்பி வரவழைத்தார்.

"ஃபாரம் பிரமாதமுங்க ரூபன். ஒரு பிசகு கெடையாது. ஆனாக் கூப்புட்டாத்தான் பாதி ராங் நம்பருங்க."

நீட்டிய பட்டியலில் அறுபது பெயர்கள். இருபத்து மூன்றின் மேல் சிவப்புப் பென்சில் கோடு. பதினான்காவது கோட்டுக்கடியில் அன்புக்கரசி இருந்தாள்.

ரூபனின் சட்டைப்பையில் இருந்த விசிட்டிங் கார்டிலேயே வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்திருந்தது. அதைக் கணினி படிக்கப் போவதில்லை என்பதால் அவர் அனுமதித்திருந்தார்.

"இது ராங் நம்பர் இல்லீங்க" என்றார். "நாமதான் பி.பி.யை வாங்காம உட்டுட்டோம்." பிறகு, "நாமன்னா நானுங்க" என்றார்.

ரூபனின் விரல் நின்ற பெயரை நஞ்சுண்டன் பார்த்தார். "தெரிஞ்ச அம்மணிங்களா?"

ரூபன் காப்பியைக் கீழே வைத்தார். "என்ற தங்கச்சிங்க."

"அட, மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா? நேத்துத்தான் ஆறு பேருக்கும் ஆர்டர் குடுத்துப்போட்டேன். ரெண்டு வாட்டி கூப்புட்டனுங்க. ஒரு அம்மணி எடுத்து, ரொம்ப மருவாதியா, அன்புக்கரசின்னு இங்க யாருமில்லீங்கன்னு சொன்னாங்க."

அன்று சாயங்காலமே ரூபன் படிவத்தில், போன் யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்கும் புதிய கட்டம் ஒன்றைச் சேர்த்தார். எந்த எழுத்தையும் தடையின்றி ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மையான கட்டம். அதற்குப் பிறகு அந்தப் படிவத்தில் யாரும் விண்ணப்பிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்த் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து ஆறுதல் வாக்கியங்கள் சிலவற்றைப் பஸ்ஸிலேயே தயாரித்து வைத்திருந்தார். அவள் அழாமல் எழுந்து பண்ணாடி வீட்டுக்கு நடந்தாள். ரூபன் பின்னாலேயே போய், இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார்.

பண்ணாடியின் மருமகள் லோகப்பிரியா வாசலுக்கு வந்தாள்.

"ஏனுங்க்கா, அன்புக்கரசின்னு கேட்டு போன் எதாச்சும் வந்துச்சுங்களா?"

"வந்துச்சே, ரெண்டு வாட்டி. அப்படி யாருமில்லைன்னு வெச்சுப்போட்டேன். யாரு அது, உன்ற கூடப் படிச்ச புள்ளையா?"

"நானுங்க."

நஞ்சப்பன் மகளை இரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிறவள் லோகப்பிரியா. பெயரைக் கேட்க நேர்ந்ததில்லை.

உள்ளே கட்டிலிலிருந்து திருமூர்த்தியின் குரல் கேட்டது. "யாரு அம்மணி, நஞ்சம்புள்ளையா? இன்னும் போனு வர்லைன்னு சொல்லு. நானும் பத்து நாளா எங்கயும் போகாமக் காத்துட்டு இருக்கறேன்."

"வந்து போயிருச்சுங்க மாமா" என்றாள் லோகப்பிரியா.